நமுத்துப் போகாமல் ஒரு நாள்

புதுச்சேரியில் காலை ஆறு மணிக்கு டீக்கடையில் பிஸ்கட் கேட்டால், கடைக்காரரின் கையைக் கவனியுங்கள். பாட்டில் மூடியைத் திருகுவார், இரண்டு பிஸ்கட்டை எடுப்பார், உங்களிடம் நீட்டும் முன்பே மூடி மறுபடி இறுகியிருக்கும். காசு வாங்குவதும் சில்லறை தேடுவதும் அதற்கப்புறம்தான். திருவண்ணாமலைப் பக்கம் கோடையில் இந்த அவசரம் தேவையில்லை. இங்கே மூட மறந்த பாட்டில் பத்து மணிக்குள் நமுத்துப்போகும். நமுத்த பிஸ்கட்டை டீயில் நனைத்தால் பாதி கிளாசின் அடியில் கிடக்கும்.

இந்த ஊரில் வேலைக்குப் போய் வரும் எவரும் காலையிலிருந்து இரவு வரை இப்படி நூறு கைகளைக் கடந்து போகிறோம். ஷட்டரைத் தூக்குகிற கை, ஜெராக்ஸ் பேப்பரை விசிறுகிற கை, அப்பளத்தை வெயிலில் பரப்புகிற கை. எல்லாம் ஒரே எதிரியோடு மல்லுக்கட்டுகின்றன. கேட்டால் 'இந்த ஊர்க் காத்து அப்படி' என்பார்கள். அந்தக் காற்றை உண்மையில் இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஈரம் வேறு, உப்பு வேறு.

உப்பு என்பது அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள். பெரும்பாலானவை கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் படிந்துவிடும். கடற்கரைச் சாலையும் அதற்கடுத்த ஓரிரண்டு வீதிகளும்தான் அதன் முழு அடியை வாங்குகின்றன. அண்ணா சாலை தாண்டினால் வேகம் குறையும், லாஸ்பேட்டைக்குப் போனால் இன்னும் குறையும். ஈரத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, வில்லியனூர் வரைக்கும் தாராளமாகப் போகும். ரோமன் ரோலண்ட் வீதியில் துருப்பிடிக்கும் வேகத்தில் மூலக்குளத்தில் துருப்பிடிக்காது. ஆனால் இரண்டு இடத்திலும் முறுக்கு ஒரே மாதிரிதான் நமுக்கும்.

ஈரத்துக்கும் நேரக் கணக்கு உண்டு. காற்றில் இருக்கும் நீராவி பகல் முழுக்க ஏறக்குறைய அதேதான், வெப்பம்தான் மாறுகிறது. விடியலில் காற்று குளிர்ந்திருப்பதால் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது இங்கே சாதாரணம். வெயில் ஏற ஏற அது இறங்கும். பிறகு கிழக்கேயிருந்து கடல்காற்று நுழைந்ததும் மறுபடி ஏறும். மே, ஜூனில் மேற்கேயிருந்து மேல்காற்று பலமாக வீசும் நாளில் கடல்காற்று பிற்பகல் வரை இழுத்தடிக்கும். அன்றைக்கு உடம்பு காய்ந்து வெந்தாலும் முறுக்குக்கு நல்ல நாள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டதும் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சர்க்கரைக்கு அந்த எல்லை 85 சதவீதத்தை ஒட்டி. அதனால்தான் ஒரே அலமாரியில் உப்பு டப்பா கசியும் நாளில்கூடச் சர்க்கரை டப்பா உதிரியாக நிற்கிறது. கல்லுப்பு இன்னும் மோசம். அதில் கொஞ்சம் மெக்னீசியம் குளோரைடு ஒட்டிக்கொண்டிருக்கும். அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கும். புதுச்சேரியில் 33 சதவீதம் என்பது கனவு. மரக்காணம் உப்பளத்திலிருந்து வரும் கல்லுப்பு ஜாடியின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்பது இதனால்தான், அதில் கலப்படம் எதுவும் இல்லை.

டீக்கடைக்குத் திரும்புவோம், அங்கே இன்னும் பார்க்க இருக்கிறது. பாட்டில்கள் பாய்லருக்குப் பக்கவாட்டில் இருக்கும், மேலே இருக்காது. பாய்லரின் சூடு நல்லதுதானே என்று மேல்தட்டில் அடுக்கிய கடைகளில் பால் கொதிக்கும் ஆவி நேராகப் போய் மூடி இடுக்கில் குடியேறும். பக்கவாட்டில் வைத்தால் சூடு மட்டும் வரும். இன்னொன்று, பாட்டில் காலியாகக் காலியாக உள்ளே காற்று கூடும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பிஸ்கட்டின் பங்குக்கு வரும் ஈரமும் கூடும். கால்வாசிக்கு இறங்கியதும் மீதியைச் சின்ன பாட்டிலுக்கு மாற்றுபவர் தொழில் தெரிந்தவர். மாற்றாமல் புதுச் சரக்கை அதன் மேலேயே கொட்டுபவரின் கடையில் அடி பிஸ்கட் எப்போதும் நமுத்திருக்கும், பழைய ஈரம் புதுசுக்கும் ஏறும். அடியில் ஒரு மடிப்புச் செய்தித்தாள் போடுவது கொஞ்சம் உதவும். ஆனால் அதை வாரம் ஒருமுறையாவது மாற்ற வேண்டும். ஈரம் குடித்த காகிதம் அந்த ஈரத்தை அங்கேயே வைத்திருக்கும்.

வடைக்கு நியாயம் தலைகீழ். சுடச்சுட வடையை மூடி வைத்தால் அதன் ஆவியே அதைக் கெடுக்கும். வெளிக்காற்றின் ஈரத்தைவிட வடைக்குள் இருந்து கிளம்பும் நீராவி பல மடங்கு அதிகம். அதனால் முதல் பத்து நிமிடம் ஓட்டைத் தட்டில் திறந்து கிடக்க வேண்டும், அதற்கு மேல்தான் கண்ணாடிப் பெட்டி. பெட்டியின் கண்ணாடியில் உள்பக்கம் வியர்த்திருந்தால் அவசரப்பட்டு உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கடையில் போண்டா வாங்கலாம், வடை வேண்டாம்.

நமுத்த முறுக்கையும் பிஸ்கட்டையும் மீட்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடிகனமான வாணலியை மிதமான தீயில் ஐந்து நிமிடம் வெறுமனே காயவைத்து, அடுப்பை அணைத்து, முறுக்கை உள்ளே பரப்பி, மூடாமல் விடுங்கள். கையில் எடுக்கும்போது இன்னும் மெத்தென்றுதான் இருக்கும். பயப்பட வேண்டாம், ஆறிய பிறகுதான் மொறுமொறுப்பு வரும். முழுக்க ஆறியதும் டப்பாவில் அடைக்க வேண்டும், வெதுவெதுப்பாக அடைத்தால் பட்ட பாடு வீண். எண்ணெய் சிக்கடித்துவிட்டால் மட்டும் இது உதவாது, அது ஈரத்தின் குற்றமில்லை.

எட்டரை மணி வாக்கில் வண்டி எடுப்பவர்கள் டிஸ்க் பிரேக்கைப் பார்த்துத் திடுக்கிடுவது உண்டு. ராத்திரி வெளியே நின்ற வண்டியின் டிஸ்கில் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய பூச்சு. அது வெறும் மேல்துரு. முதல் இரண்டு மூன்று பிரேக்கில் டிஸ்கை அழுத்தும் பேடே சுரண்டிவிடும், அதுவரை கிர்ரென்று சத்தம் வரும், அவ்வளவுதான். அதைப் போக்க எண்ணெய் தடவுகிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். பிரேக்கில் எண்ணெய் பட்டால் வண்டி நிற்காது, பேடை மாற்ற வேண்டிவரும். கவலைப்பட வேண்டிய இடங்கள் வேறு. பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, பிறகு பாசிட்டிவைக் கழற்றி, ஆப்ப சோடா கலந்த வெந்நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, திரும்ப மாட்டிய பிறகு வாசலின் தடவ வேண்டும். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். புது வண்டிகளில் சைடு ஸ்டாண்டைத் தூக்கினாலும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடித்தால், பாதி நேரம் ஸ்டாண்டு சுவிட்சில் மண்ணும் உப்பும் அடைத்திருக்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்தால் சரியாகிற விஷயத்துக்கு வண்டியின் மின்னணு மூளையான இசியு வரைக்கும் போக வேண்டியதில்லை. கடற்கரைப் பக்கம் வெளியே நிறுத்துகிறவர்கள் வண்டிக்குப் பிளாஸ்டிக் உறை போடுவது பெரும்பாலும் கெடுதல். கீழேயிருந்து ஏறும் ஈரம் உள்ளேயே தங்கி, மூடாத வண்டியைவிட மூடிய வண்டி சீக்கிரம் துருப்பிடிக்கும். காற்றோட்டமுள்ள துணி உறை போடுங்கள், இல்லையென்றால் சும்மா விடுங்கள். வாரம் ஒருமுறை வண்டியின் அடிப்பக்கம் நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும். போர் தண்ணீரே உப்பாக இருக்கும் தெருக்களில் அதுவும் பிரயோஜனமில்லை.

ஒன்பதரைக்கு நேரு வீதியில் ஷட்டர்கள் ஏறும் சத்தமே ஒரு பாடம். சரியாகப் பராமரித்த ஷட்டர் ஒரே மூச்சில் ஏறும். பாதியில் நின்று, கோலால் நெம்பி, மறுபடி ஏறுகிறதென்றால் ஷட்டர் பட்டை ஓடும் பக்கவாட்டுக் கைடில் கிரீஸ் இருக்கிறது. ஆமாம், கிரீஸ் இருப்பதுதான் பிரச்சினை. மேலே ஸ்பிரிங் தண்டுக்குக் கிரீஸ் வேண்டும். கைடுக்கு வேண்டவே வேண்டாம். அங்கே தடவிய கிரீஸில் தெருமணல் ஒட்டிக்கொண்டு உப்புத்தாளாக மாறி, பட்டையின் ஓரத்திலிருக்கும் துத்தநாகப் பூச்சைத் தினமும் தேய்க்கிறது. பூச்சு போன இடத்தில் உப்பு வேலையைத் தொடங்குகிறது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கைடைத் துடைத்துவிட்டு, மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். ஷட்டர் எப்போதும் முதலில் அரிப்பது அடிப்பட்டையில். காலையில் வாசல் தெளிக்கும் தண்ணீர் அங்கேதான் தேங்கும். அடிப்பட்டையில் ஒழுகு துளை இருந்தால் அடைக்காதீர்கள், இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவதும் அதே ரகத் தவறு. சில மாதத்தில் அது பிசினாகி உள்ளே சில்லு நகராது. பென்சில் கரித்தூளைச் சாவியில் தடவிப் போட்டுத் திருப்புங்கள், அல்லது தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள்.

கடலூர் சாலையில் நீதிமன்ற வளாகத்தைச் சுற்றியிருக்கும் ஜெராக்ஸ் கடைகளில் பதினோரு மணிக்குக் கூட்டம் நெரியும். அங்கே பேப்பர் மாட்டிக்கொண்டால் வக்கீல் குமாஸ்தாவுக்கு வாய்தா போகும், கடைக்காரருக்கு மானம் போகும். 'மெஷின் பழசு' என்று நாம் நினைப்போம். பெரும்பாலும் பேப்பர்தான் குற்றவாளி.

அங்கே நடப்பது இதுதான். 500 தாள் கொண்ட ரீமின் உறையில் உள்பக்கம் ஈரம் புகாத பூச்சு இருக்கிறது. அதைக் கிழித்த நொடியிலிருந்து தாள் காற்றின் ஈரத்தைக் குடிக்கிறது, முதலில் நான்கு ஓரமும், நடுப்பகுதி மெதுவாக. ஓரம் நீண்டு, நடு நீளாமல், தாளின் விளிம்பு அலையடித்தாற்போல் நெளியும். நெளிந்த தாளை உருளை நேராகப் பிடிக்க முடியாது. ஒன்று கோணலாக இழுக்கும், இல்லை ஈரத்தால் ஒட்டிய இரண்டை ஒரே நேரத்தில் இழுக்கும். மீறி உள்ளே போனாலும் அடுத்த கண்டம் காத்திருக்கிறது. டிரம்மில் இருக்கும் கறுப்புத் தூள் தாளுக்கு மாறுவது மின்னூட்டத்தால். ஈரத் தாளில் மின்னூட்டம் நிற்காமல் கசிந்து ஓடிவிடுவதால், எழுத்து திட்டுத்திட்டாக வெளிறிப் போகும். கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது என்று புதுசு வாங்கிப் போடுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கடைசியாக, தூளைச் சூட்டில் தாளோடு ஒட்டவைக்கும் ஃபியூசர். ஏறக்குறைய 180 டிகிரி சூட்டில் இரண்டு உருளைக்கு நடுவே தாள் நசுங்கும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகப் பீறிட்டு, தாள் சுருண்டு, வெளியேறும் வாயில் மடிந்து சிக்கும்.

தொழில் தெரிந்த கடையில் டிரேயை நிரப்புவதே இல்லை. ஒரு மணி நேர வேலைக்கு எவ்வளவு ஓடுமோ அவ்வளவு தாள்தான் போடுவார்கள். மிச்சத்தை உறையோடு மடித்து, பிளாஸ்டிக் கவரில் செருகி, மெஷின் பக்கத்துச் சூட்டில் வைப்பார்கள். போடும் முன் தாள்கட்டை நாலு பக்கமும் விசிறுவது தாள்களைப் பிரிக்க. கட்டில் வளைவு தெரிந்தால் திருப்பிப் போடுவார்கள். சிக்கினால், தாள் எந்தத் திசையில் ஓடுமோ அந்தத் திசையிலேயே, இரண்டு கையாலும் ஓரங்களைப் பிடித்து, மெதுவாக உருவ வேண்டும். எதிர்ப்பக்கம் வெடுக்கென்று இழுத்தால் கிழிந்த துண்டு சென்சாரின் மேல் உட்கார்ந்துகொண்டு, உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் மெஷின் 'ஜாம்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ராத்திரி கடை சாத்தும்போது டிரேயைக் காலி செய்வது இந்த ஊருக்கான கூடுதல் வேலை. அதைச் செய்யாத கடையில் காலை முதல் பத்துத் தாள் கட்டாயம் தொல்லை தரும். விவரம் தெரிந்தவர்கள் அந்தப் பத்தைத் தனியே எடுத்து, ரசீது எழுத வைத்துக்கொள்வார்கள். பேப்பர் அலமாரிக்குள் 40 வாட் குண்டு பல்ப் ஒன்றை எரியவிடும் பழைய வழக்கம் மூடநம்பிக்கை இல்லை. உள்ளே இரண்டு மூன்று டிகிரி கூடினாலே ஈரப்பதம் நன்றாக இறங்கும். எல்இடி பல்ப் போட்டால் அந்தச் சூடு கிடைக்காது. பல்புக்கும் பேப்பருக்கும் ஒரு முழ இடைவெளி இருக்கட்டும்.

பசை தடவிய கவர்கள் தானாக ஒட்டிக்கொள்வதும், ரெவின்யூ ஸ்டாம்ப் தாள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்வதும் இதே கதை. நடுவே பட்டர் பேப்பர் வைத்தால் தீர்ந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸில் உட்கார்ந்ததும் அப்பளத்தைத்தான் முதலில் பாருங்கள். பச்சை அப்பளத்தில் உப்பும் அப்பளக்காரமும் இருப்பதால் அது பொரிப்பதற்கு முன்பே ஈரம் இழுத்து, மடித்தாலும் உடையாத தோல் மாதிரி ஆகியிருக்கும். அப்படியே எண்ணெயில் போட்டால் முதலில் அந்த நீர் போக வேண்டும், அதற்குள் ஓரம் சிவந்துவிடும், நடுவில் மாவுத்திட்டு வேகாமல் நிற்கும், எண்ணெயும் குடிக்கும். அரை மணி வெயில் காட்டி, மடித்தால் பட்டென்று உடைகிற பதத்தில் போட்டால் இரண்டு மூன்று விநாடியில் பூத்து எழும். பொரித்த பிறகும் பத்திரம் வேண்டும். பதினொன்றரைக்குப் பொரித்ததை அகலமான கூடையில் குவித்த மெஸ்ஸில் இரண்டு மணிப் பந்திக்கு வருவது வெறும் வளையம். உயரமான தகர டின்னில் நிற்க வைத்து மூடும் மெஸ்ஸில் கடைசி ஆளுக்கும் நொறுங்கும். தகர டின் என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. எவர்சில்வர் தூக்கில் வைக்கலாம், ஆனால் அதன் மூடி அவ்வளவு இறுக்கமாக உட்காராது.

எவர்சில்வரில் உப்பு வைக்கக் கூடாது என்று பாட்டிகள் சொன்னதும் சரிதான். ஈர உப்பு படிந்த இடத்தில் குளோரைடு அந்தப் பளபளப்புக்குக் காரணமான மெல்லிய படலத்தைத் துளைத்து, ஊசி முனையளவு குழிகளைப் போடும். ஜாடியும் மரக்கரண்டியும்தான் உப்புக்குச் சரி. மேசையில் தூவும் உப்புக் குப்பியில் அரிசி போடுவதென்றால் வறுத்துப் போடுங்கள். வறுக்காத அரிசியில் ஏற்கெனவே இருக்கும் ஈரத்தோடு இன்னும் எவ்வளவு குடிக்கும்?

சாப்பிட்டு வெளியே வரும்போது ஏசி அறையிலிருந்து வருகிறவர்களின் மூக்குக் கண்ணாடி புகை படிந்தாற்போல் மூடும். வெளியே 32 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் என்றால், 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருள் மேலும் காற்றிலுள்ள நீர் படியும். அலுவலகத்தில் ஏசியை 22-ல் வைத்திருந்தால் உங்கள் மூக்குக் கண்ணாடி, பேனா, கைபேசி எல்லாமே 22-தான். 27-ல் வைத்தால் கண்ணாடி மூடாது, கரண்ட் பில்லும் குறையும், பக்கத்து மேசைக்காரர் முறைப்பார். கைபேசியின் கேமரா மங்கலாகத் தெரிந்தால் துடைத்துத் துடைத்துக் கோடு போடாமல் பத்து நிமிடம் பையிலேயே விடுங்கள். சார்ஜ் போடும் துளையில் ஈரம் இருப்பதாகத் திரையில் எச்சரிக்கை வந்தால் அதை மீறிச் சார்ஜ் போட வேண்டாம். உப்பு ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளிருக்கும் மெல்லிய முள்கள் பச்சை பூத்துக் கரையும். ஊதவும் கூடாது, நம் மூச்சே ஈரம்தான். துளை கீழ்நோக்கியபடி மின்விசிறிக்கு அடியில் வைத்தால் போதும்.

ஏசியின் வெளிப்பெட்டியும் கடல் பக்கம் பார்த்து நின்றால் சீக்கிரம் சாகும். அலுமினியத் தகடும் செம்புக் குழாயும் ஒன்றையொன்று தொட்டபடி உப்பு ஈரத்தில் நின்றால் அலுமினியம்தான் கரைந்து கொடுக்கும். தகடுகளை விரலால் தொட்டால் மாவாக உதிர்வது அதனால்தான். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தகடு ஓடும் திசையிலேயே மென்மையான பிரஷ் போட்டு, நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். பிரஷர் பம்ப் வேண்டாம், தகடு மடங்கி அடைத்துக்கொள்ளும்.

வெயில் தாழும்வரை சன்ஷேடுக்கு அடியில் ஒதுங்கி நடப்பவர்கள் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பது நல்லது. இந்த ஊர்த் தெருக்களில் தலைக்கு மேல் நடக்கும் துரு வேலைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. சன்ஷேடு, பால்கனி இவற்றின் அடிப்பக்கத்தில் முதலில் பழுப்பாக ஒரு கோடு தெரியும். அடுத்து அந்தக் கோடு கம்பி ஓடும் பாதையில் விரிசலாகும். அடுத்த கட்டத்தில் காரை பெயர்ந்து விழும், கம்பி தெரியும். காரணம் எளிமையானது. இரும்பு துருவானால் பல மடங்கு பருக்கும். பருக்க இடமில்லாததால் கான்கிரீட்டைப் பிளக்கும். உப்பு கம்பி வரைக்கும் போய்ச் சேர எவ்வளவு காலம் ஆகும் என்பதைத் தீர்மானிப்பது கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட்டின் கனம். கடலோரக் கட்டடத்துக்கு இந்தியக் கான்கிரீட் தரவிதியான ஐஎஸ் 456 கேட்பது 45 மில்லிமீட்டர், கலவையின் வலிமைத் தரம் எம்-30. கடல்நீர் நேராகத் தெறிக்கும் இடமென்றால் 50 மில்லிமீட்டர், எம்-35. நடப்பில் மேஸ்திரி கம்பிக்கு அடியில் முட்டுக் கொடுப்பது கைக்குக் கிடைத்த ஜல்லித் துண்டைத்தான். அதன் உயரம் 20 மில்லிமீட்டர் இருந்தால் அதிர்ஷ்டம். கான்கிரீட் ஊற்றும்போது நாலு பேர் மேலே நடந்தால் அதுவும் சரிந்து, கம்பி பலகையைத் தொட்டுவிடும். போதாததற்குக் கலவைக்கும் தண்ணீர் அடிப்பதற்கும் அதே மனையின் உப்பு போர் தண்ணீர். சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கும் அன்றே கம்பியின் நிழல் அடியில் தெரிகிற வீடுகள் இங்கே நிறைய. கம்பிக்கு அடியில் முட்டாக வைக்கும் சிமெண்ட் கவர் பிளாக் ஒன்று சில ரூபாய்தான். அதைக் கணக்குப் பார்த்து மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

விழுந்த இடத்தில் அப்படியே சிமெண்ட் பூசி வெள்ளையடிப்பது பணத்தை வீணாக்குவது. துருவின் மேல் பூசியது இரண்டு மூன்று மழைக்காலத்தில் மொத்தமாக விழும், இந்த முறை இன்னும் பெரிய துண்டாக. செய்ய வேண்டியதைச் செய்வதென்றால், முதலில் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். உறுதியான இடம் 'ணங்' என்னும், விட்டுப்போன இடம் 'டொக்' என்னும். டொக் என்கிற இடம் முடிந்து நல்ல கம்பி தெரியும் வரை கொத்த வேண்டும். கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையும் அளவுக்கு, 20-25 மில்லிமீட்டர், கொத்தினால்தான் புதுக்கலவை கம்பியைச் சுற்றிப் பிடிக்கும். கம்பியைக் கம்பிப் பிரஷால் வெள்ளிநிறம் வரும்வரை தேய்த்து, அதன் பருமன் கண்கூடாகக் குறைந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி கட்டி, துத்தநாகப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையை அழுத்தி நிரப்ப வேண்டும். இவ்வளவும் செய்தாலும் ஒட்டுப் போட்ட இடத்தை ஒட்டிய பழைய பகுதியில் துரு வேகமெடுப்பதுண்டு. அதனால் அரையடிக்கு அரையடி ஒட்டுப் போடுவதைவிட முழு சன்ஷேடையும் பார்ப்பது மேல். 1962-ல் கட்டிய பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடல் சீற்றத்தில் இடிந்து விழுந்ததை ஊரே பார்த்தது. அறுபது ஆண்டு உப்பில் நின்ற கட்டுமானம் அது. நம் வீட்டு பால்கனிக்கு அவ்வளவு ஆயுள்கூட உத்தரவாதமில்லை.

பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளுக்கு நோய் வேறு. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுவர் வழியே வெளியேறும்போது உப்பை மேற்பரப்பில் விட்டுவிட்டுப் போகும். அதைத்தான் சுவர் பூத்திருக்கிறது என்கிறோம். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும், காய்ந்ததும் மறுபடி பூக்கும். உலர்ந்த பிரஷால் துடைத்து, முறத்தில் வாங்கி வெளியே கொட்ட வேண்டும். சிமெண்ட் பூசி அடைத்தால் ஈரம் வழி தேடி இன்னும் இரண்டடி மேலே போய்ப் பூக்கும். எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் அப்பளம் மாதிரி பெயர்ந்து வரும். சுண்ணாம்பு அடித்தால் சுவர் மூச்சு விடும். மலிவும்கூட.

நாலரை மணிக்கு இஸ்திரி வண்டியில் சட்டை வாங்கப் போகிறவர்கள் சூடாக மடித்துக் கொடுத்ததும் பையில் திணிப்பார்கள். பருத்தித் துணி வெளியில் சாதாரணமாகத் தொங்கும்போதே தன் எடையில் எட்டு சதவீதம் போலத் தண்ணீரை வைத்திருக்கும், நம் ஊர்க் காற்றில் அதற்கும் மேல். பாலியஸ்டரில் அரை சதவீதம்கூட இருக்காது. தண்ணீர் தெளித்துத் தேய்த்த பருத்தியிலிருந்து ஆவி இன்னும் போய்க்கொண்டிருக்கும். அதைச் சூட்டோடு அடுக்கி மூட்டை கட்டினால் ஆவி நடுச் சட்டையில் அடைந்து, மறுநாள் காலை சுருக்கமும் ஒரு மாதிரி வாடையும் இருக்கும். நல்ல இஸ்திரிக்காரர் தேய்த்ததை ஐந்து நிமிடமாவது விரித்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததன் மேல் அடுக்குவார். கரிப்பெட்டியில் அவர் கரியை நேராகப் போடுவதில்லை. தனியே பற்றவைத்து, மேலே சாம்பல் வெளுத்து, புகை அடங்கிய பிறகுதான் பெட்டிக்குள். புகையும் கரியில் பொறி தெறிக்கும், வெள்ளைச் சட்டையில் ஒரு பொறி போதும். மாலைக் கடல்காற்று கிளம்பியதும் வண்டியின் கிழக்குப் பக்கம் ஒரு தட்டியோ கோணியோ தொங்கும், சாம்பல் பறக்காமல் இருக்க. கஞ்சி போட்ட வேட்டியை ஐப்பசி, கார்த்திகையில் அவரிடம் கொடுத்தால் முகம் சுளிப்பதற்கும் காரணமுண்டு. கஞ்சி ஈரம் இழுத்துத் துவண்டுவிடும், பீரோவில் இரண்டு வாரம் இருந்தால் பூஞ்சணப் புள்ளி விழும். மழை மாதங்களில் கஞ்சியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், மறுநாள் காலை ஏழரை வரை நடப்பவர்களுக்கே. நொறுக்குத்தீனி விற்பவர்களுக்கு இதைவிடக் கடினமான இடம் உலகத்தில் இல்லை. ஈரம், உப்பு, காற்று மூன்றும் நேருக்கு நேர். பஞ்சு மிட்டாய் அதற்கு நல்ல உதாரணம். சர்க்கரையை உருக்கி நூலாக்கும்போது அது படிக வடிவத்தை இழந்துவிடும். அந்த நிலையில் சாதாரணச் சர்க்கரையைவிட வெகு சீக்கிரம் ஈரத்தை இழுத்து, சில நிமிடத்தில் சுருங்கிப் பிசுபிசுக்கும். ஆகவே சுற்றிய உடனே பைக்குள் காற்றோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். 2024 பிப்ரவரியில் அதில் ரோடமின்-பி சாயம் இருப்பது தெரிந்து புதுச்சேரியில் விற்பனைக்குத் தடை போட்டார்கள், சில நாட்களில் தமிழ்நாடும் போட்டது. அந்தச் சாயம் துணிக்கானது. வாங்குவதென்றால் நிறமில்லாத வெள்ளையைக் கேளுங்கள்.

கடலை வண்டிக்காரரிடம்தான் இந்த ஊரின் மிகப் பழைய, மிகச் சரியான ஏற்பாடு இருக்கிறது. வறுத்த கடலைக் குவியலின் உச்சியில் ஒரு சின்ன மண்சட்டி, அதில் தணல். குளிருக்கு வைத்த அலங்காரம் என்று நினைக்காதீர்கள். சுற்றியிருக்கும் கடலை வெதுவெதுப்பாக இருக்கும்வரை அதன்மேல் படும் காற்றின் ஈரப்பதம் இறங்கியே இருக்கும், கடலை நமுக்காது. சட்டி ஆறிப்போயிருந்தால் அன்றைக்குக் கடலை கதக்கென்று இருக்கும், சுண்டலுக்குப் போய்விடுவது நல்லது. தணல் கனிந்திருந்தால் சட்டியை ஒட்டியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். நேர் அடியில் இருப்பது பல நேரம் கருகியிருக்கும், ஓரத்தில் சரிந்து கிடப்பது காற்றுப் பட்டது. நடுவில் இரண்டு விரல்கடை அகலத்துக்கு ஒரு வளையம் இருக்கும், அதில்தான் தோலைக் கசக்கினால் ஊதியதும் பறக்கும்.